வாசலில் செருப்பு இல்லை

நாங்கள் ஊர் சுற்றக் கிளம்பினால் பையை நான்தான் தூக்குவேன். என் நாத்தனாரிடம் கொடுத்தால் எங்கேயாவது வைத்துவிட்டு வந்துவிடுவார் என்று எனக்குப் பயம். நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட பை. இரண்டு பேருக்குச் சோறு, தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, குளுக்கோஸ் பொட்டலம், இரண்டு போன், குடை, துண்டு, நாலைந்து பிளாஸ்டிக் கவர் எல்லாம் அதற்குள் இருக்கும்.

"இது பையா, பீரோவாடி? பூட்டு ஒண்ணுதான் கொறையுது" என்பார் நாத்தனார்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் புருஷன் காலமான பிறகு எங்களோடு வந்துவிட்டார். முதல் வருஷம் ஒரே சமையல்கட்டில் முறைத்துக்கொண்டிருந்தோம். அப்புறம் எப்படியோ ஒருத்தர் இல்லாமல் ஒருத்தர் டீ குடிக்க மாட்டோம் என்று ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் கடலோர ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துவந்த நான், முதுகு வலியால் வேலையை விட்டதும், இரண்டு பேரும் மாதத்துக்கு ஒரு நாள் எங்கேயாவது கிளம்ப ஆரம்பித்தோம்.

எல்லோரும் போகிற பெரிய இடங்களுக்கு நாங்கள் போவதில்லை. அது தானாக ஏற்பட்ட பழக்கம். ஒரு தடவை தரங்கம்பாடியில் மழைக்கு ஒதுங்க ஒரு சின்ன மியூசியத்துக்குள் நுழைந்தோம். எங்களைத் தவிர ஆள் இல்லை. டிக்கெட் கிழிக்கிறவரே கூட வந்து, உடைந்த பீங்கான் தட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார். வெளியே வந்ததும் அண்ணி, "பெரிய எடத்துல தள்ளுறாங்க. இங்க உக்காரச் சொல்றாங்க. இனிமே இப்பிடியே போலாம்டி" என்றார். அன்றிலிருந்து, யாரும் அதிகம் போகாத மாதா கோயில், பழைய கல்லறை, ஒரு ரூம் மியூசியம், இப்படித்தான் தேடிப் போகிறோம். அங்கே இருக்கிறவர்கள் சொல்கிற வார்த்தைகளுக்காகவே நான் போவேன். யாராவது ஒரு வார்த்தை நன்றாகச் சொன்னால் வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைப்பேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுவிட்டது. மிச்சத்தை எல்லாம் இப்படிப் பேசிப் பேசித்தான் படித்தேன்.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் கேலி. "பழைய செவுத்தப் பாக்க பஸ் ஏறிப் போவணுமா? நம்ப வூட்டுச் செவுரே பேத்துக்கினுதான் கெடக்குது. அதப் பாருங்க" என்பார்.

அண்ணிக்குச் சர்க்கரை நோய். காலையில் ஊசி போட்டுக்கொண்டால் பன்னிரண்டரைக்குள் சோறு உள்ளே போயாக வேண்டும். தப்பினால் வேர்த்துக் கொட்டும், பேச்சு குழறும், அப்புறம் ஆளே சாய்ந்துவிடுவார். ஒரு தடவை அப்படிச் சாய்ந்து நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த ஊரில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் என் மனசில் பன்னிரண்டரை ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு பயம், கால். கும்பகோணம் பக்கம் ஒரு கோயில் வாசலில் அவர் செருப்பை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வெறுங்காலோடு நடந்தார். பாதத்தில் மரத்துப்போன இடத்தில் கொப்புளம் கிளம்பியது அவருக்கே தெரியவில்லை. அது ஆற இரண்டு மாதம் ஆயிற்று. டாக்டர் என்னைத்தான் திட்டினார். "மூஞ்ச கண்ணாடில பாக்கற மாதிரி தெனம் காலப் பாருங்கம்மா" என்றார். எம்.சி.ஆர். செருப்பு என்று சர்க்கரைக்காரர்களுக்கென்றே மெத்தென்று ஒரு செருப்பு உண்டு. அதை வாங்கினோம். அன்றிலிருந்து எந்தக் கோயிலானாலும் அண்ணி செருப்பைக் கழற்றினால் அதைக் கவரில் சுற்றி என் பைக்குள் போட்டுவிடுவேன். சோறு ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். "சாமி கும்புட வந்தியா, செருப்புக்குக் காவல் வந்தியா?" என்று அண்ணி கேட்பார். கேட்டால் கேட்கட்டும்.

வெளியூர் எல்லாம் சுற்றினோமே தவிர சொந்த ஊரைப் பார்த்ததில்லை. மேட்டுப்பாளையத்தில் இத்தனை வருஷம் இருந்தும் டவுனுக்குப் போனால் பெரிய மார்க்கெட், ஆஸ்பத்திரி, துணிக்கடை, திரும்பி வீடு. "அடுத்த ஊருக்காரன்லாம் நம்ப ஊர வந்து போட்டோ புடிக்கிறான், நாம தரங்கம்பாடி போறோம்" என்று அண்ணிதான் ஆரம்பித்தார். பங்குனி வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம் என்று ஒரு வாரநாளில் டவுனுக்கு ஆள் ஏற்றுகிற டெம்போவில் ஏறினோம்.

வைத்திக்குப்பத்துக்கு இந்தப் பக்கம், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு சின்ன மாதா கோயில் இருக்கிறது. பெரிய கோயில்களைப் போட்டோ எடுக்கிற யாரும் அந்தத் தெருவுக்கு வருவதில்லை. சுவர் மட்டும் இரண்டு முழத்துக்குக் குறையாத கனம். ஜன்னல்கள் எட்டாத உயரத்தில். உள்ளே நுழைந்ததும் வெயில் சட்டென்று அறுந்துபோன மாதிரி ஒரு குளிர்ச்சி. தரையில் பதித்த கல்லில் பிரெஞ்சு எழுத்து, பாதி தேய்ந்து கிடந்தது. வாசலுக்கு உள்பக்கம், மேலே மரப்பரணில் இருந்த ஓட்டை வழியாக ஒரு தடித்த கயிறு தொங்கியது. அதுதான் மணிக் கயிறு.

வாசல் படியில் ஐந்தாறு ஜோடி செருப்பு கிடந்தது. நான் வழக்கம்போல எங்கள் இரண்டு ஜோடியையும் கவரில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

அண்ணிக்கு முட்டி வலி. பெஞ்சில் உட்கார்ந்தால் முதுகு பிடிக்கும் என்று, ஓரமாக அந்தோணியார் சுரூபம் இருக்கிற தூணுக்குப் பின்னால் தரையில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டையே மியூசியமாக வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். அதைப் பார்க்க அவரால் நடக்க முடியாது.

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. எனக்கு இங்கயே நல்லாக்குது" என்றார்.

"இருவது நிமிஷத்துல வந்துடறேன். எங்கியும் போயிடாதீங்க அண்ணி."

"எங்கடி போவப்போறேன்? செருப்புதான் உங்கிட்ட இருக்குதே."

என் செருப்பை மட்டும் எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பை என் தோளில்.

மியூசியம் என்றால் ஒரு நீளக் கூடமும் இரண்டு அறையும்தான். வீட்டுக்காரம்மா என் வயசுதான் இருப்பார். பூப்போட்ட கவுன் போட்டிருந்தார். பிரான்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்த மாமனார் கொண்டுவந்த சாமான்களையும், தெருவில் மற்றவர்கள் கழித்துக் கட்டியதையும் சேர்த்துவைத்திருந்தார். எனாமல் போன காப்பிக் கூஜா, ரொட்டி அறுக்கிற பலகை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மசி பட்ட நோட்டு, கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைக் கையுறை. "இந்தக் கையுறைய எங்க மாமியாரு ஒரு நாளுதான் போட்டாங்க மதாம். அப்பறம் ஆயுசு முழுக்கத் தேச்சது பாத்திரம்தான்" என்றார். எழுதிவைக்க வேண்டிய வார்த்தை என்று நினைத்துக்கொண்டேன். அவரும் என்னைப் போலப் பேச்சுக்காரி. ஒன்று கேட்டால் மூன்று சொன்னார். நடுவில் ஒரு தடவை சுவரில் இருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது. நேரம் இருக்கிறது என்று அடுத்த அறைக்குப் போனேன். வெகுநேரம் பேசிவிட்டுக் கூடத்துக்கு வந்தால் அப்போதும் பதினொன்று இருபது.

"இது..." என்று கை நீட்டினேன்.

"அது ஓடாது மதாம். அதுவும் மியூசியம்தான்" என்று சிரித்தார். "மணி பன்னெண்டரை ஆவப்போவுது. பன்னெண்டு அடிச்சா நம்ப ஊரு படுத்துரும், தெரியாதா? உங்ககிட்டப் பேசிக்கினே நானும் கதவச் சாத்தல."

பைக்குள் இரண்டு போன் இருந்தும் நேரம் பார்க்கத் தோன்றவில்லையே. அந்த அம்மாவிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை, ஓடினேன்.

கோயில் கதவு பூட்டியிருந்தது.

பெரிய மரக்கதவு, இரும்புப் பட்டை, அதில் என் உள்ளங்கை அளவுக்குப் பூட்டு. படியில் ஒரு செருப்புகூட இல்லை. தெருவில் ஆள் இல்லை. கதவைத் தட்டினேன். "அண்ணி! அண்ணி!" என்று கூப்பிட்டேன். காதை வைத்துப் பார்த்தேன். பின்னால் கடல் இரைகிற சத்தம்தான் கேட்டது.

எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டிக்காரம்மா சோற்று டப்பாவைத் திறந்து சாப்பிடப் போனவர், என்னைப் பார்த்து எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, இன்னா வேணும்?"

"எங்க அண்ணி உள்ள உக்காந்திருந்தாங்க. பச்சப் பொடவ. வெளிய வந்தத நீங்க பாத்தீங்களா?"

"நா துணி குடுக்கப் போயிருந்தேன், இப்பத்தான் வந்தேன். உள்ள இருக்க மாட்டாங்க. கோயில்பிள்ள பாத்துட்டுத்தான் பூட்டுவாரு. இருவது வருசமா பாக்கறேன், ஒரு ஆள உள்ள வெச்சிப் பூட்டினது கெடையாது. அவ்ளோ உஷாரு."

கோயில்பிள்ளை என்றால் கோயிலைப் பெருக்கி, சாவி வைத்து, மணி அடிக்கிறவர்.

"அவரு எப்ப வருவாரு?"

"நாலு மணிக்கு."

"போன் நம்பரு இருக்குமா?"

"எனக்கெதுக்கும்மா அவரு நம்பரு? தெனம் மூஞ்சியப் பாக்கறேன், அது போதாதா? வூடு முத்தியால்பேட்டைல. எந்தத் தெருன்னு தெரியாது. சோறு தின்னுட்டுப் படுத்திருப்பாரு."

அப்படியானால் அண்ணி வெளியே வந்துவிட்டார். பூட்டப் போகிறார்கள் என்று எழுப்பி அனுப்பியிருப்பார்கள். என்னைக் காணாமல் தேடிக்கொண்டு நடந்திருப்பார். வெறுங்காலோடு. இந்த வெயிலில். என் கால் செருப்புக்குள்ளேயே கொதித்தது. மரத்துப்போன அந்தப் பாதம் தார் ரோட்டில் வெந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. சோறு என் பையில். குளுக்கோஸ் என் பையில். மணி பன்னிரண்டு நாற்பது.

போனை எடுத்து அவசரமாக அண்ணி நம்பரை அழுத்தினேன். என் விலாப் பக்கத்திலேயே, பைக்குள் மணி அடித்தது. இஸ்திரிக்காரம்மா என்னையும் பையையும் பார்த்தார். வீட்டுக்காரருக்கு அடித்தேன். ஷிப்டில் போன் லாக்கரில் இருக்கும், யார் எடுப்பார்கள்? எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அதற்கும் பயமாக இருந்தது. உங்கள் அக்காவைத் தொலைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

முதலில் கடற்கரைப் பக்கம் ஓடினேன். படகு நிழலில் ஒரு பெண் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பச்சப் பொடவையா? இப்பத்தான் ஒரு அம்மா அந்தாண்ட போச்சு."

"கால்ல செருப்பு இருந்துச்சாம்மா?"

"அடப் போம்மா, யாரு காலப் பாத்தது?" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆட்டோ ஏறிச்சு மாதிரி இருந்துது. மொனையில கேளு" என்று சேர்த்துச் சொன்னார்.

முனையில் நின்ற ஆட்டோக்காரர், "பச்சப் பொடவயா? ஒரு அம்மாவ பெரிய மார்க்கெட்டுல எறக்கிவுட்டுட்டு இப்பத்தான் வரேன்" என்றார். காலையில் டெம்போவில் வரும்போது அண்ணி, திரும்புகையில் மார்க்கெட்டில் கனகாம்பரம் வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். எனக்கு அது போதும். அதே ஆட்டோவில் ஏறினேன். அவரிடம் காசு ஏது, எப்படி ஆட்டோ ஏறியிருப்பார் என்று யோசிக்கிற நிதானம் எனக்கு இல்லை.

மார்க்கெட்டில் அந்த நேரத்தில் பாதிக் கடை தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. பூக்காரர்கள் கூடை மேல் ஈரத்துணியைப் போர்த்திவிட்டுச் சாய்ந்திருந்தார்கள். மீன் பக்கம் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சந்து சந்தாக நடந்தேன். அன்றைக்கு நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். எத்தனை வெறுங்கால்கள்! சுமை தூக்குகிறவர்கள், கீரை விற்கிறவர்கள். ஓரிடத்தில் பச்சைப் புடவை, கூன் விழுந்த முதுகு. "அண்ணி!" என்று தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

வேறு ஒரு அம்மா. "இன்னாடி இது, நா எப்ப உனக்கு அண்ணியானேன்? உன் வூட்டுக்காரன் யாரு, சொல்லு பாப்போம்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கண் நிறைந்துவிட்டதைப் பார்த்ததும் அவரே கையைப் பிடித்துக்கொண்டு, "தொலஞ்சிட்டாங்களா? உட்ட எடத்துக்கே போயி நில்லும்மா. தொலஞ்சவங்க அங்கதான் திரும்பி வருவாங்க. நீ ஒரு பக்கம் அவங்க ஒரு பக்கம் சுத்துனா எப்பப் பாத்துக்குவீங்க?" என்றார்.

அந்தப் புத்தியைக் கேட்டுத்தான் திரும்பினேன். ஆட்டோவில் வரும்போது மணி ஒன்றே கால். சாய்ந்திருப்பார். எந்தத் தெருவிலோ ஒரு சுவர் ஓரமாக உட்கார்ந்து அப்படியே சாய்ந்திருப்பார். குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று யாராவது நினைத்துத் தாண்டிப் போவார்கள். இப்படியே ஓடியது மனசு.

கோயில் தெருவில் இறங்கியபோது மணி அடித்தது.

ஒரு அடி. நின்றது. மூச்சு நாலைந்து விட்ட பிறகு இன்னொரு அடி. மறுபடி நின்றது. கனமான, இழுத்து இழுத்து வருகிற சத்தம். சாத்தியிருந்த வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு பெண்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"யாரு போனது?"

"தெரிலயே. மேட்டு வூட்டுத் தாத்தாவா?"

"அவரு சோறு தின்னுக்கினு இருக்காரு, இப்பத்தான் பாத்தேன்."

இஸ்திரிக்காரம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "சாவு மணிம்மா. பூசைக்குக் காலைல சாயங்காலம் எல்லாம் ரேடியோ செட்டுல மணி போட்டுருவாங்க. கயித்தப் புடிச்சி அடிக்கிறது சாவுக்கு மட்டும்தான்" என்று என்னிடம் சொன்னார்.

யாருக்கோ சாவு என்றதும் என் கை தானாகக் கும்பிட்டது. யாரோ பாவம், நல்லபடியாகப் போகட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"ஆனா கோயிலு பூட்டிக் கெடக்குதே?" என்றார் இஸ்திரிக்காரம்மா.

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். பூட்டு அப்படியே தொங்கியது. மேலே இன்னொரு அடி விழுந்தது, முன்னதைவிட மெதுவாக. அதற்குப் பிறகு அடிக்கவில்லை.

நான் படியேறிக் கதவை இரண்டு கையாலும் குத்தினேன். உள்ளே சத்தம் இல்லை. அந்த நேரம் ஒரு மொபெட் வந்து நின்றது. லுங்கியும் பனியனுமாக ஒருவர், கையில் சோற்றுப் பருக்கை காயவில்லை, இடுப்பில் சாவிக் கொத்து. கோயில்பிள்ளை.

"எவன் அடிச்சது? எனக்குத் தெரியாம இந்தத் தெருவுல யாரு செத்தது?" என்று கத்திக்கொண்டே வந்தவர், பூட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போனது. "பூட்டுதானே கீது. உள்ள யாரு?"

"எங்க அண்ணிதான் ஐயா! தொறங்க!"

"இல்லம்மா. உள்ள ஆள் இல்ல. பன்னெண்டு மணிக்கு நாந்தான் பூட்டினேன்." சாவியை எடுக்கவில்லை அவர். பயந்திருந்தார். "கள்ளனா இருந்தா? ஃபாதர் வரட்டும், நாலு பேரு வரட்டும்."

"பாத்தீங்களா உள்ள? நல்லா பாத்தீங்களா?"

"செருப்பு பாத்தேம்மா! வாசல்ல செருப்பு இருந்தா உள்ள ஆளு. செருப்பு இல்லன்னா ஆள் இல்ல. ஒரே ஒரு ஜோடி கெடந்தாக்கூட, யாரும்மா உள்ளன்னு மூணு தடவ கூப்புட்டுட்டுத்தான் பூட்டுவேன். இருவது வருசமா அப்பிடித்தான். இன்னிக்கு ஒரு செருப்பு கூட இல்ல. வாசல்ல செருப்பு இல்ல!"

நான் பையை இறக்கி, கையை விட்டு, சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த கவரை இழுத்து, அதைப் பிரித்து அவர் முன்னால் நீட்டினேன். அண்ணியின் செருப்பு. குதிகால் பக்கம் தேய்ந்து, அவர் பாதம் அப்படியே பதிந்திருந்த செருப்பு.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாவி துவாரத்தில் போகாமல் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை இஸ்திரிக்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார், அப்புறம்தான் திறந்தது.

கதவுக்கு அடுத்த அடியிலேயே உட்கார்ந்திருந்தார் அண்ணி. முதுகு சுவரில், தலை ஒரு பக்கம் சாய்ந்து, கையில் மணிக் கயிறு. புடவை வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. "அண்ணி" என்றேன். கண் என் பக்கம் வந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. வாய் என்னவோ சொன்னது, வார்த்தையாக வரவில்லை.

குளுக்கோஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தேன். தண்ணீரில் கரைக்கிற அவசரத்தில் பாதி தரையில் கொட்டியது. இஸ்திரிக்காரம்மா வாங்கிக் கரைத்தார். நான் அண்ணியின் தலையை மடியில் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். முதல் வாய் கடைவாயில் வழிந்தது. இரண்டாவது உள்ளே போயிற்று. "முழுங்குங்க அண்ணி, முழுங்குங்க." அவருக்கு வேண்டியது எல்லாமே பையில் பத்திரமாக இருந்தது. பை மட்டும்தான் இவ்வளவு நேரம் அவரிடம் இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் கட்டை விரலை அவர் பிடித்தார். பிறகு அழுத்தினார்.

"இன்னாடி," என்றார். குரல் இழுத்தது. "மியூசியம் நல்லா இருந்துச்சா?"

நான் அழுதேன். இஸ்திரிக்காரம்மா சிரித்தார். கோயில்பிள்ளை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எலுமிச்சைச் சோற்றை அங்கேயே பிசைந்து ஊட்டினேன். பாதி டப்பா காலியானதும் பேச்சு வந்துவிட்டது. குளிர்ச்சியில் அசந்து தூங்கிவிட்டாராம். விழித்துப் பார்த்தால் ஆள் இல்லை, கதவு அசையவில்லை. தட்டினாராம், கூப்பிட்டாராம். கடல் இரைச்சலும் கனத்த கதவும், யாருக்கும் கேட்கவில்லை. அப்போது நான் மார்க்கெட்டில் வேறொரு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"கயித்த அப்பவே பாத்தேன். ஆனா அடுத்தவங்க சாமி மணி, நேரங்கெட்ட நேரத்துல இழுத்தா தப்பாயிடுமோன்னு உட்டுட்டேன். அப்பறம் ஒடம்பு வேர்க்க ஆரம்பிச்சிது. எனக்குத் தெரிஞ்சிப்போச்சு, இனிமே நேரமில்லன்னு. அந்தோணியார்கிட்டப் போயி, சாமி இழுக்கட்டுமான்னு கேட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. சரின்னு இழுத்தேன். எவ்ளோ பலம் இருந்துச்சோ அவ்ளோதான் அடிச்சிது."

பலம் இல்லாமல் இழுத்ததால்தான் அது சாவு மணி மாதிரி கேட்டது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. வாசலில் இன்னும் புதிதாக வருகிறவர்கள் "யாரு போனது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இஸ்திரிக்காரம்மாதான் பதில் சொன்னார்: "யாரும் போவல. ஒரு அம்மா உள்ள மாட்டிக்கினாங்க. சோறு துன்னுக்கினு இருக்காங்க, போய்ப் பொழப்பப் பாருங்க."

கோயில்பிள்ளை எழுந்து வந்து அண்ணிக்கு முன்னால் கை கூப்பினார். "மன்னிச்சிக்கம்மா. எனக்கு முட்டி வலி. தூணு தூணா சுத்திப் பாக்க முடியல, செருப்ப நம்பிட்டேன்."

"உனக்கும் முட்டியா?" என்றார் அண்ணி. "உக்காருப்பா மொதல்ல."

நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தலையைக் குனிந்தேன். அப்போதுதான் கவனித்தேன், என் செருப்பு என் காலிலேயே இருந்தது. கோயிலுக்குள் செருப்போடு ஓடி வந்திருக்கிறேன். கோயில்பிள்ளை அதைப் பார்த்தும் என்னைத் தடுக்கவில்லை. எழுந்து வெளியே போய்க் கழற்றினேன். அண்ணியின் செருப்பையும் கவரிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு ஜோடி.

நாலு மணி வரைக்கும் வெளியே போக வேண்டாம், வெயில் தாழட்டும் என்றார்கள். கதவைத் திறந்தே வைத்து, கோயில்பிள்ளை வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார். அண்ணி என் தோளில் சாய்ந்து கண்ணை மூடினார். தூங்கிவிடக் கூடாதே என்று நான் அடிக்கடி கையைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். வெயில் படியில் ஏற ஏற, கோயில்பிள்ளை எங்கள் செருப்பை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக நிழலுக்கு நகர்த்தி வைத்தது அங்கிருந்தே தெரிந்தது.

ராத்திரி வீட்டுக்காரர் தட்டில் கை வைத்தபடி வழக்கம்போல, "இன்னிக்கு எந்தச் செவுத்தப் பாத்தீங்க?" என்று கேட்டார். என் கையில் இருந்த கரண்டி நின்றது.

"ஒரே செவுருதான்டா" என்றார் அண்ணி. "நல்லா பாத்தேன். ரெண்டு மொழம் கனம்."

அதற்கு மேல் சொல்லவில்லை. மறுநாள் நானே எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, வேலைக்குக் கிளம்பும்போது அக்காவின் காலைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

இப்போதும் போகிறோம். போன மாதம்கூட ஒரு பழைய கோயில். அண்ணி செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, நான் கையை நீட்டுவேனோ என்று என்னைப் பார்த்தார். நான் நீட்டவில்லை. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, திருடு போயிருக்குமோ என்று வாசல் பக்கம் எத்தனை தடவை திரும்பினேன் என்பதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். குளுக்கோஸ் பொட்டலம் மட்டும் இப்போது அவர் மடியில் இருக்கிறது.